சின்ன ‘சி’ போட்ட சைனா

நீளமான பதிவு. அவசரம் உள்ளவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம். 1984இல் நான் சிவப்பு மையில் போட்ட ஒரு சுழியைப் பற்றியது. ஆனால் அதற்கு வர எனக்குக் கொஞ்சம் சுற்று வழி தேவைப்படுகிறது. வகுப்பிலும் நான் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் பேரனுக்குக் காதுகுத்து. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் ஒரு டீ செட் கொண்டுவந்திருந்தான். வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் தங்கக் கோடு. கோப்பையின் அடியில் ஆங்கிலத்தில் ‘போன் சைனா’ என்று எழுதியிருந்தது. நான் உரக்கப் படித்தேன். என் மச்சான் உடனே, “சைனா போனா மாமா? எத்தனை சிம் போடலாம்?” என்றார். கூடமே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் சேராமல் ஒருவன் மட்டும் கோப்பையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். என் பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வேப்பூர் பக்கத்துக் கிராமம். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, குஜராத்தில் மோர்பி என்ற ஊருக்குப் போய், டைல்ஸ் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்து, “நிழல் தெரியுது பாருங்க சார், நல்ல சரக்கு” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதுல பாதிக்குப் பாதி மாட்டு எலும்புச் சாம்பல் சார், அதான் போன்” என்றான். தாழ்த்தியது போதவில்லை. என் வீட்டுக்காரம்மா காதில் விழுந்துவிட்டது. டீ செட் இப்போது பரண்மேல் இருக்கிறது. சிங்கப்பூர் மருமகன் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

அவன் சொன்னது சரிதான். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷையர் வட்டாரத்தில் ஜோசையா ஸ்போட் என்ற வேட்கோவர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கலவையைச் செம்மைப்படுத்தினார். களிமண், கல் மாவு, இவற்றோடு எலும்பைச் சுட்ட சாம்பல். சீனத்துக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. சீனாவில் இல்லாத ஒன்றைச் செய்து அதற்கும் சைனா என்றே பெயர் வைத்தார்கள்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “சார், எட்டாங் கிளாஸ்ல எனக்கு ஒரு இம்போசிஷன் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா?” என்றான். எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கட்டுரைத் தலைப்பு ‘என் தந்தை’. அவனுடைய அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மூட்டை இறக்குவார், சூளைக்குச் சரக்கு அடுக்குவார். பையன் எழுதியிருந்தான், என் அப்பா சைனா களிமண் சுமக்கிறார் என்று. அதில் சைனாவுக்குச் சின்ன ‘சி’ போட்டிருந்தான். நாட்டின் பெயர், சிறப்புப் பெயர், கேப்பிடல் லெட்டரில்தான் தொடங்க வேண்டும் என்று அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன். எனக்குக் கோபம். சுழித்து அரை மார்க் குறைத்து, பத்து தரம் பெரிய ‘சி’ போட்டு எழுதிவரச் சொன்னேன். அவன் எழுந்து நின்று, “சார், எங்கப்பா கணக்கு நோட்டுல சின்ன ‘சி’தான் சார் போட்டிருக்கு” என்றான். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “மூட்டை தூக்குறவருக்கு இலக்கணம் தெரியுமா?” வகுப்பு சிரித்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து வேறு எதற்கோ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. பீங்கான் என்ற பொருளில் வரும்போது அந்தச் சொல் சின்ன ‘சி’யில்தான் தொடங்கும். சைனா க்ளே என்பதும் அப்படித்தான். பையன் அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டான். நானும் யாரிடமும் சொல்லவில்லை. தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வேப்பூர் கூட்டுரோட்டுக்கு எத்தனையோ வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை நாளில் போயிருக்கிறேன்.

சொல்லுக்கு வருகிறேன்.

என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியை மனப்பாடமாகச் சொல்வார். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று அடுக்குவது அந்தத் தொகுதி. அதற்கு முந்தைய பத்துத் தொகுதிகளும் நேர் எதிர் வேலை, ஒரு பொருளுக்கு எத்தனை சொல் என்று சொல்லும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோது இந்த இரண்டையும் தனித்தனி அகராதியாகப் பிரித்து அகர வரிசையில் வைத்தார். பெயரகராதி, பொருளகராதி. இன்னும் இரண்டு, தொகையகராதியும் தொடையகராதியும். அவர் எங்கோ தூரத்தில் இருந்தவர் என்று நினைக்காதீர்கள். விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலோடு பெயர் சேர்ந்தவர். பெயரகராதி, பொருளகராதி இரண்டையும் மனத்தில் வைத்து ‘சைனா’ என்ற ஒரே சொல்லைப் பார்க்கலாம் வாருங்கள்.

பெரிய ‘சி’ போட்டால் நாடு. அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டை அப்படி அழைப்பதில்லை. கிறிஸ்துவுக்கு முன் 221இல் பேரரசு அமைத்த ‘சின்’ வம்சத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. நம் பக்கத்தில் சீனம் என்ற சொல் மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் சீனப்பட்டு வருகிறது. பாரசீகத்தில் ‘சீன்’ என்றார்கள். அங்கிருந்து வந்த பொருளை ‘சீனி’ என்றார்கள், சீனத்தது என்ற அர்த்தத்தில். பாரசீகத்தில் சீனி என்றால் பீங்கான்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஆங்கிலத்தில் பீங்கானுக்கு ‘சைனா’ என்ற பெயர் நேரே சீனாவிலிருந்து போனது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பாரசீக ‘சீனி’யும் இந்தியா வழியாகப் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து அந்த வழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘சீனி’, ‘சைனி’ என்றெல்லாம் உச்சரித்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மிளகோடும் துணியோடும் இந்தச் சொல்லையும் ஏற்றிக்கொண்டு போயின என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோர்பியில் முதல் வாரம் நடந்ததை என் மாணவன் சொன்னான். பட்டறையில் ‘சீனி மிட்டி’ கொண்டுவா என்றார்களாம். மிட்டி என்றால் மண் என்று அவனுக்குத் தெரியும். சீனி என்றால் சர்க்கரை. சர்க்கரை மண்ணா என்று விழித்திருக்கிறான். இந்தியில் சீனி மிட்டி என்றால் நம் வெள்ளைக் களிமண். வெறும் சீனி என்றால் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை சீனத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். திருநெல்வேலிக்காரர்கள் இன்றைக்கும் காபிக்குச் சீனி போதுமா என்றுதான் கேட்பார்கள். நம் கடலூர்ப் பக்கத்தில் சர்க்கரை. அந்தச் சர்க்கரை வடமொழியிலிருந்து அரபிக்குப் போய் ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆனது தனிக் கதை, இன்னொரு நாள்.

சீனி போலவே ‘சீன’ என்ற முன்னொட்டும் நம் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. படிகாரத்துக்குச் சீனக்காரம் என்று ஒரு பெயர், சித்த வைத்தியர்களைக் கேளுங்கள். வாணலிக்கு மலையாளத்தில் சீனச்சட்டி. நம் தென்மாவட்டங்களில் சில வீடுகளில் சீனிச்சட்டி. யாழ்ப்பாணத்தில் பட்டாசுக்குச் சீனவெடி. ஊறுகாய் ஜாடிக்குக் கேரளத்தில் சீனபரணி. கொச்சியில் கடலோரம் தொங்கும் வலை சீனவலை. இத்தனை இருந்தும் பீங்கானுக்கு மட்டும் தமிழன் சீனத்தைக் கூப்பிடவில்லை.

பீங்கான் என்பதும் பாரசீகச் சொல்தான், ‘பிங்கான்’. கிண்ணம் என்று பொருள். அரபியில் பகரம் இல்லாததால் ‘ஃபின்ஜான்’ ஆகிக் காபிக் கோப்பையைக் குறிக்கிறது. மலாயில் ‘பிங்கான்’ என்றால் சோறு சாப்பிடும் தட்டு, மலேசியாவில் இருக்கும் நம் பிள்ளைகள் தினமும் கேட்கும் சொல். சிங்களத்திலும் தட்டுக்கு இதே சொல்லின் சாயல். எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பாரசீகத்துக் கிராமங்களில் நிலத்தடி வாய்க்கால் தண்ணீரைப் பங்கு பிரிக்க, அடியில் சிறு துளையிட்ட கிண்ணம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவார்கள். அது நிரம்பி முழுகினால் ஒரு முறை முடிந்தது, அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர். அந்தக் கிண்ணத்துக்கும் பெயர் பிங்கான். நம் நாழிகை வட்டில் இதே வேலையைச் செய்தது. ஏரிப்பாசன முறைக்காக அண்ணன் தம்பி மண்வெட்டி தூக்கிய ஊர்க்காரர்கள் நாம், அந்தக் கிண்ணத்தின் மதிப்பு நமக்குத் தெரியும்.

கோப்பை போர்த்துகீசியர் கொடுத்தது. கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டைப் ‘பீரிசு’ என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அதுவும் அவர்களுடையதே. ஒரு டீ செட்டை வைத்துக்கொண்டு தமிழில் பேசினால் பாரசீகமும் போர்ச்சுகலும் சீனமும் வந்துவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு இணைச்சொற்கள் நிறைய. பரீட்சையில் எல்லாவற்றையும் ஒன்று என்று எழுதுவீர்கள், நானும் மார்க் போட்டிருக்கிறேன். பட்டறைக்காரர்களிடம் அப்படி எழுத முடியாது. எர்த்தன்வேர் என்றால் ஏறத்தாழ 1000 முதல் 1150 டிகிரி சூட்டில் வேகும் மண் பாண்டம், தண்ணீர் உறிஞ்சும். ஸ்டோன்வேர் 1200க்கு மேல், கல்போல் கெட்டி. நம் ஊறுகாய் ஜாடி இந்த ஜாதி. போர்சலின் 1300ஐத் தாண்டினால்தான் வரும். களிமண்ணோடு சேர்த்த ஃபெல்ட்ஸ்பார் கல் அந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் இடுக்குகளை நிரப்புகிறது. அதனால்தான் விரல் நிழல் தெரிகிறது. போர்சலின் என்பது இத்தாலியர்கள் சோழிக்கு வைத்திருந்த பெயர். மார்க்கோ போலோ சீனத்துப் பாத்திரத்தைப் பார்த்து, சோழி ஓட்டின் பளபளப்பு நினைவுக்கு வந்து அதே பெயரைச் சொன்னார். செராமிக் கிரேக்கம், கெராமோஸ் என்றால் வனையும் மண். பழைய ஏதென்ஸில் வேட்கோவர் இருந்த பகுதிக்குக் கெராமெய்கோஸ் என்றே பெயர். நம் ஊர்களில் குயவர் தெரு இருப்பதுபோல.

பீங்கான் களிமண்ணுக்குக் ‘கயோலின்’ என்று இன்னொரு பெயர். சீனத்தில் ஜிங்தஜென் என்ற பீங்கான் நகரம். அதன் பக்கத்துக் ‘கௌலிங்’ மலையின் பெயர் அது. உயர்ந்த மேடு என்று பொருள். தோந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்களில் அந்த ஊர்த் தொழில் முழுவதையும் விவரித்து அனுப்பிவிட்டார். அதற்குள் ஜெர்மனியில் வேறொரு கூத்து. தங்கம் செய்து தருகிறேன் என்று சொன்ன பெட்கர் என்ற இளைஞனை சாக்சனி நாட்டரசர் அடைத்து வைத்தார். தங்கம் வரவில்லை. 1708வாக்கில் பீங்கான் வந்தது. 1710இல் மெய்சன் ஆலை. தங்கத்தைவிட அரசருக்கு அது பிடித்துப்போனது. இங்கிலாந்தில் மருந்துக்கடைக்காரர் வில்லியம் குக்வொர்தி கார்ன்வால் மண்ணில் களிமண் கண்டுபிடித்து 1768இல் காப்புரிமை வாங்கினார். ஐரோப்பா முழுக்க இப்படி மண்ணுக்கு அலைந்தது.

நம்மிடம் அந்தச் சரக்கு அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே வந்து இறங்கியிருக்கிறது. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குத் தூதர்களை அனுப்பினார்கள். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987இல் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சீனப் பானை ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். விருத்தாசலத்திலிருந்து பஸ் பிடித்தால் ஒரு பகல் பொழுதில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அரண்மனையில் எவனோ கைதவறிப் போட்டு உடைத்து, அதற்குத் திட்டும் வாங்கியிருப்பான்.

உடைப்பது என்றதும் நினைவு வருகிறது. பீங்கான் கடைக்குள் காளை புகுந்ததுபோல் என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர். ஒரு வருஷம் பத்தாம் வகுப்பில் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். “சீனாக்காரன் கடையில் மாடு நுழைந்தது” என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், “குசவனுக்கு ஆறு மாசம், தடிகாரனுக்கு அரை நாழிகை” என்று எழுதினான். முழு மார்க் போட்டேன். அவன் இன்றைக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கிறான் என்று தெரியும்.

லண்டன் தெருப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு நண்பன் என்றும் ஒரு பொருள் உண்டு. கூட்டாளிக்கு ‘மேட்’. அதோடு இயைபு சேரும் தொடர் ‘சைனா ப்ளேட்’. பிறகு ப்ளேட்டை விட்டுவிட்டு வெறும் சைனா. நம் தொடையகராதி அவர்களுக்குக் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். கல்யாணமாகி இருபதாம் வருஷத்தையும் அவர்கள் சைனா என்பார்கள். எங்கள் இருபதாம் வருஷத்துக்கு நான் மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் உயர்வான அர்த்தங்கள். கடைசியாக வந்த அர்த்தத்தை நம் ஆட்களே சேர்த்தார்கள். ‘சைனா செட்’ என்றால் மலிவான போன். ‘சைனா பீஸ்’ என்றால் இரண்டு நாளில் பல்லிளிக்கும் சரக்கு. அரசர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த பொருளின் பெயர் பஸ் ஸ்டாண்டில் இப்படி ஆகிவிட்டது. அந்தச் சரக்கைச் செய்தவனும் எங்கோ ஒரு சூளைப் பக்கத்தில் வெந்துகொண்டுதான் இருப்பான்.

நம் ஊரையும் சொல்ல வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது, கரிக்கு மேலே கிடந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேர்விட அது ஒரு முக்கியக் காரணம். அகல் விளக்கும் பொம்மையும் மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கும் வெள்ளைப் ‘பீஸ் கட்டை’ இங்கே ஏராளமாகச் செய்தார்கள். அது ஃபியூஸ். கரண்ட் போனால் “பீஸ் போச்சு” என்கிறோம். பள்ளிக்கூடத்துப் பீஸோடு குழப்பி ஒரு தாத்தா என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார். களிமண்ணைத் தண்ணீர்போல் கரைத்துப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சி, ஓரத்தில் ஒரு தோல்போல் மண் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். காய்ந்ததும் எடுத்து, பிசிறு நீக்கி, மெருகு பூசிச் சூளைக்கு அனுப்புவார்கள். மூட்டையாக வந்த மண் இத்தனை கை மாறும். முதல் கை என் மாணவனின் அப்பாவுடையது.

இனி அன்று பந்திக்குப் பிறகு அவன் சொன்னது.

அவன் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எந்த நாளில் எத்தனை மூட்டை என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பார். கூலி கணக்குக்கு அதுதான் ஆதாரம். மேஸ்திரி எழுதிக்காட்டியதைப் பார்த்து ஆங்கிலத்திலேயே எழுதப் பழகிக்கொண்டார். பையன் அன்று ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து இம்போசிஷன் எழுதுவதைப் பார்த்து, என்னவென்று கேட்டிருக்கிறார். பையன் சொல்லியிருக்கிறான். நான் சொன்ன மூட்டை வசனத்தை மட்டும் விட்டுவிட்டான். அப்பா தன் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “சார் சொன்னா சரியாதான்டா இருக்கும். நாம தப்பா எழுதிட்டு இருந்திருக்கோம்” என்றாராம்.

“மறுநாள்ல இருந்து பெரிய ‘சி’ போட ஆரம்பிச்சாரு சார். வேலையை விட்டு நிக்கிற வரைக்கும் அப்படித்தான். மேஸ்திரி கேட்டாக்கூட, பையனோட வாத்தியார் சொன்னதுன்னு சொல்வாரு.”

டிப்ளமோ சேர்ந்த முதல் வருஷமே அவனுக்குச் சரி எது என்று தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். “எப்படி சார் சொல்றது” என்றான். அப்பா தவறிப் பதினோரு வருஷம் ஆகிறது.

மோர்பிக்குத் திரும்பிப் போகும் முன் அந்த நோட்டின் இரண்டு பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இடது பக்கம் முழுக்கச் சின்ன ‘சி’. வலது பக்கத்தில் நான்காவது வரியிலிருந்து பெரிய ‘சி’. முதல் பெரிய ‘சி’யைக் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருக்கிறார், காகிதம் பள்ளம் விழுந்திருப்பது படத்திலேயே தெரிகிறது.

அன்று வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் பலர் இங்கே இருக்கிறீர்கள். சிரித்தது நினைவிருக்கிறவர்கள் இதையும் நினைவில் வையுங்கள். அவர் எழுதியிருந்ததுதான் சரி. தெரியாதவன் நான். அந்தக் கட்டுரைக்கு 50க்கு 37½ போட்டிருந்தேன். 38 என்று திருத்திக்கொள்ளவும்.